அப்புறம் என்ன ஆச்சு?

வணக்கம் சார்,

நான் 26 வயதுப் பெண். மன்னார்குடிப் பக்கம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே கதை என்றால் உயிர். எழுதலாம் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். வந்த பிறகு எழுதுவதெல்லாம் சாலை மறியல், கும்பாபிஷேகம், மின்தடை அறிவிப்பு, பைக் மோதி முதியவர் பலி.

போன மாதம் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். ஒரு பெரியவர் ஒன்பது நாளாக நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருந்தார். மழை வேறு. தார்ப்பாய் கிடைக்காமல் உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அதுவும் போதாத இடத்தில் மனைவியின் சேலைகளைப் போட்டு மூடியிருந்தார். பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விரிவாக எழுதி அனுப்பினேன். மறுநாள் 'கொள்முதல் தாமதம்: விவசாயிகள் அவதி' என்று எட்டு வரி வந்தது. அதில் சேலையும் இல்லை, பெரியவரும் இல்லை.

நீங்களும் உள்ளூர் நிருபராக இருந்து எழுத்துக்கு வந்தவர். எப்படி வந்தீர்கள்? இந்த வேலையில் இருந்துகொண்டே கதை சொல்ல முடியுமா? இல்லை, விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் வேறு வேலை தேடிக்கொண்டு எழுதுவதுதான் வழியா? "இந்தச் சம்பளத்துக்கு ஏன் இப்படி வெயில்ல அலையுற" என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். பதில் எழுதினால் என் பெயரைப் போட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தச் சேலைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1980-களில் எங்கள் ஊர் டீக்கடைக்கு ஒரே ஒரு பேப்பர் வரும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அதை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. கேட்பவர்கள் ஐந்தாறு பெரியவர்கள், யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு செய்தியும் முடிந்ததும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்பார். "அவ்வளவுதான் தாத்தா போட்டிருக்கு" என்பேன். அவருக்கு அது பதிலாகவே படாது. "அதெப்படி? அந்தப் பொண்ணு பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போச்சா, இல்லையா?" என்று என்னையே கேட்பார், ஏதோ நான் மறைத்து வைத்திருப்பது போல. கதையின் மேல் எனக்கு ஆசை பிடித்தது அந்த பெஞ்சில்தான். அடுத்து என்ன நடந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

1995-ல் பகுதிநேர நிருபர் ஆனேன். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் பணம். கையால் எழுதி, கவரில் போட்டு, சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். பஸ் தாமதமானால் செய்தி மறுநாளைக்குப் போய்விடும். அப்புறம் ஃபேக்ஸ் வந்தது, அப்புறம் இமெயில். வேலை மட்டும் மாறவில்லை. காலையில் போலீஸ் ஸ்டேஷன், பிறகு அரசு ஆஸ்பத்திரி, பிறகு தாலுகா ஆபீஸ்.

ஸ்டேஷனில் ரைட்டர் எஃப்.ஐ.ஆரைப் படிக்கப் படிக்க எழுதிக்கொள்வோம். "தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த பெண் தற்கொலை." இந்த வரியை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நீங்களும் எழுதியிருப்பீர்கள். ஒருமுறை அப்படி இறந்துபோன ஒரு பெண்ணின் போட்டோ வாங்க அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனேன். அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்த தம்பி, பன்னிரண்டு வயது இருக்கும், என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தான். "அக்காவுக்கு வயித்து வலியே கிடையாதுண்ணே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அதை வைத்து எதுவும் எழுத முடியாது. ஒரு சிறுவனின் வார்த்தையைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை. ஆனால் திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணை என்ன ஆனது என்று கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் வழக்கு வரதட்சணைக் கொடுமையாக மாற்றப்பட்டது. ஒற்றைப் பத்தி அகலத்தில் ஒரு சின்னச் செய்தி, என் பெயர் இல்லாமல் வந்தது. பின்னால் எத்தனையோ எழுதிவிட்டேன். ஆனாலும் நான் சொன்ன முதல் கதை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

2004-ஐப் பற்றி எழுத இப்போதும் கை தயங்குகிறது. ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்று நான் எழுதியதெல்லாம் எண்கள். மதியம் ஒரு எண், சாயங்காலம் வேறொரு எண், ராத்திரி இன்னொன்று. சில நாளில் வெளியூர் நிருபர்களும் கேமராக்களும் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு அடுத்த ஊர் காத்திருந்தது. எனக்கு வேறு ஊர் இல்லை. கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் அந்தப் பெற்றோர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுவார்கள். இரண்டாவது ஆண்டு ஒரு அப்பா என்னைப் பார்த்து, "போன வருஷமும் நீங்கதான வந்தீங்க" என்றார். முதல் ஆண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர், அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். நான் நோட்டை வெளியே எடுக்கவே இல்லை. விசாரணை நீதிமன்றத்தில் தொடங்கவே 2012 ஆகிவிட்டது. தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்று. இடையில் வாய்தா வாய்தாவாகத் தஞ்சாவூருக்கு அலைந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், யார் வருவதை நிறுத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும்.

அதே 2004-ல் டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். என்னை அங்கே அனுப்பினார்கள், கொஞ்ச காலம் அங்கேயே தங்கிவிட்டேன். எழுத்தைப் பற்றிப் பெரிய பாடம் ஒன்று எனக்கு அங்கே கலெக்டர் ஆபீஸ் வாசலில் கிடைத்தது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதில் ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வருகிறவர் அழுதுகொண்டே இருபது நிமிடம் சொல்வார். மாமியார் வரும், அண்ணன் தம்பி சண்டை வரும், சாமி வரும். பெரியவர் குறுக்கே பேசவே மாட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுல கலெக்டர் செய்யக்கூடியது எதும்மா?" அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதி அந்தப் பதிலை முதல் வரியில் வைத்துவிடுவார். மற்றதையெல்லாம் சுருக்குவார். ஆனால் சொன்னவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தொடாமல் அப்படியே விடுவார். புருஷனின் உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் வாங்க முடியாமல் நின்ற ஒரு அம்மாவின் மனுவில் அவர் விட்டு வைத்த வரி: "கடல் கொண்டுபோன ஆளுக்கு நான் எங்க போய் உடம்பைக் காட்டுறது?" மனுவில் வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை.

உங்கள் எட்டு வரிக்கு இப்போது வருகிறேன். நீங்கள் அனுப்பியதை நான் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. மாவட்டத்தில் கொள்முதல் நிலவரம், எத்தனை நிலையங்கள், சங்கத் தலைவரின் பேட்டி எல்லாம் முதலில் வந்து, சேலை ஏழாவது பத்தியில் இருந்திருக்கும். சரிதானே? செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்திருப்பவர் ஒரு பக்கத்தில் பல தாலுகாக்களை அடக்க வேண்டும். அவர் கீழேயிருந்துதான் வெட்டிக்கொண்டே வருவார். அவர் உங்கள் பெரியவரைச் சந்திக்கவே இல்லை. அடுத்த முறை இப்படித் தொடங்கிப் பாருங்கள்: 'நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 9 நாட்களாகக் காத்திருக்கும் விவசாயி ஒருவர், தார்ப்பாய் இல்லாததால் மனைவியின் சேலைகளைக் கொண்டு நெல்லை மூடி வைத்துள்ளார்.' இது முழுக்க முழுக்கச் செய்தி. யாரும் இதை எடுத்துவிட்டு மற்றதைப் போட முடியாது. கூடவே ஒரு போட்டோ. எட்டு வரிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் சேலையை முதல் வரியில் வைத்துவிட வேண்டும்.

அப்படியும் இடம் கிடைக்காதது நிறைய இருக்கும். அதற்கு இரண்டாவதாக ஒரு நோட்டு வையுங்கள். செய்திக்குள் போகாத பேச்சு, வீட்டின் வாசனை, யார் எங்கே நின்றார்கள், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் நாமே கொஞ்சம் சேர்த்துவிடுவோம். என்னிடம் அப்படி 31 நோட்டுகள் சேர்ந்தன. 2013-ல் வேலையை விட்ட பிறகு நான் எழுதிய சிறுகதைகளில் பாதிக்கு மேல் அவற்றிலிருந்து முளைத்தவை.

நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸும் இப்படி வந்தவர்தான். கொலம்பியாவில் கார்த்தஹேனா, பாரங்கியா என்று கடலோர ஊர்ப் பத்திரிகைகளில் தொடங்கி, தலைநகர் பகோட்டாவில் ஒரு நாளிதழுக்கு நிருபராக வந்தார். 1955-ல் கடற்படைக் கப்பல் ஒன்றிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்து, ஒருவர் மட்டும் பத்து நாள் மிதந்து உயிரோடு கரை சேர்ந்தார். எல்லாப் பத்திரிகையும் எழுதி முடித்து, அந்த மாலுமி வாட்ச் விளம்பரத்தில்கூட வந்தாயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் அவரே மார்க்கேஸின் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். ஆறிப்போன செய்தி என்று மார்க்கேஸுக்கு ஆர்வமில்லை. ஆசிரியர் வற்புறுத்தியதால் உட்கார்ந்தார். நாள் நாளாக, அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். புயல் எப்படி அடித்தது என்று கேட்டபோது, புயலே அடிக்கவில்லை என்றார் அந்த மாலுமி. போர்க்கப்பலின் மேல்தளத்தில் சட்டத்துக்குப் புறம்பாக ஏற்றியிருந்த ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் சரிந்துதான் ஆட்கள் விழுந்தார்கள். ராணுவ ஆட்சி நடந்த காலம் அது. 14 நாள் தொடராக வந்தது, மாலுமியே சொல்வது போல, அவர் பெயரிலேயே. புத்தகமாக 1970-ல் வந்தபோதுதான் மார்க்கேஸின் பெயர் சேர்ந்தது. ஊரே தெரிந்துகொண்டுவிட்டதாக நினைத்த ஒரு விஷயத்தைப் பொறுமையாக முதலிலிருந்து கேட்டார், அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த பத்திரிகை வேலை இது.

வீட்டில் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர்கள் கவலை நியாயமானது. என் மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பம் பல ஆண்டு ஓடியது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொன்னால் அது பொய்யாகிவிடும். டியூஷனோ மொழிபெயர்ப்போ, கூடவே ஒரு வருமானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஸ் மீட் முடிந்ததும் பணம் வைத்த கவர் நீட்டுவார்கள், எவ்வளவு நெருக்கடியிலும் வாங்காதீர்கள். வாங்கிய இடத்தில் போய் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்க முடியாது. உங்கள் தொழிலே அந்தக் கேள்விதான்.

சென்னைக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் மூன்று ஆண்டு என்பது ஊர் உங்களிடம் பேசத் தொடங்குகிற நேரம். இப்போதுதான் டீக்கடையில் உங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமல் தொடர்வார்கள். பெண் என்பதால் நீங்கள் அடுப்படி வரை போய் உட்காரலாம், நான் திண்ணையோடு நின்றுவிட்டேன். என் கதைகளில் பெண்கள் குறைவாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் இரண்டு ஆண்டாவது இருந்து பாருங்கள் என்பேன்.

இந்த வாரமே அந்தப் பெரியவரைத் தேடிப் போங்கள். நெல்லை எடுத்தார்களா? 17 சதவீதம்தான் ஈரப்பதம் இருக்கலாம் என்பார்களே, மழையில் நனைந்த நெல்லுக்கு மீட்டர் என்ன காட்டியது? மூட்டைக்கு எவ்வளவு பிடித்தார்கள்? பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டதா? இதையெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுக்குள்ளே போய் அந்த அம்மாவோடு உட்காருங்கள். உங்கள் கடிதத்தில் அவருடைய சேலைகள் இருக்கின்றன, அவர் இல்லை. எத்தனை சேலை போயிற்று, யார் எடுத்துக் கொடுத்தது என்று கேளுங்கள். இதை மட்டும் தரமாட்டேன் என்று பெட்டிக்குள் வைத்துக்கொண்ட சேலை ஏதாவது இருந்ததா என்றும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.