பொருளாதாரம் வளர்ந்தால் வீடுகளில் விறகு எரிப்பது தானாகக் குறைந்துவிடுமா?

தானாகக் குறையாது. காசு சேரச் சேர விறகிலிருந்து மண்ணெண்ணெய், அதிலிருந்து கேஸ் என்று படியேறுவார்கள் என்பது பழைய கணக்கு. நடப்பில் கேஸ் அடுப்பு உள்ளே, மண் அடுப்பு கொல்லையில் என இரண்டும் எரிகின்றன. டீயும் தாளிப்பும் கேஸில். வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுத் தீவனம் வேகவைப்பது எல்லாம் விறகில்.

இந்தியாவில் 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வாலா திட்டம் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கொடுத்தது. ஆனால் அந்த வீடுகள் வாங்குவது சராசரியாக ஆண்டுக்கு 3, 4 சிலிண்டர்தான். இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 5, 6 கிலோ காய்ந்த விறகு என்று வையுங்கள். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதமே பாத்திரத்தில் ஏறும். கேஸில் 60 சதவீதம். ஒரு கிலோ கேஸில் உள்ள வெப்பமும் ஒரு கிலோ விறகில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ 200 கிலோ விறகுக்கு ஈடு. முழுக்க கேஸில் சமைக்க 9, 10 சிலிண்டர் வேண்டும். நாலு வாங்கும் வீட்டில் பாதிக்கு மேல் விறகுதான்.

விறகைக் காசு கொடுத்து வாங்கும் நகரத்து வீடு சட்டென்று மாறிவிடும். பொறுக்கி வரும் கிராமத்து வீட்டில் விறகின் விலை பெண்ணின் நேரம். பக்கத்தில் அவளுக்குக் கூலி வேலை இருந்தால் அரை நாள் சுள்ளி பொறுக்குவது அரை நாள் கூலி நட்டம். அப்போது சிலிண்டர் மலிவாகத் தெரியும். வேலை இல்லையென்றால் விறகு இலவசம், சிலிண்டருக்கோ மொத்தமாகப் பணம் எடுத்துவைக்க வேண்டும். அதனால் வருமானம் எவ்வளவு கூடியது என்பதைவிட யார் கைக்கு வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலம் உள்ளவர் கதை தனி: பருத்திமாரும் தென்னை மட்டையும் வீட்டிலேயே குவிந்து கிடக்க, வசதி இருந்தும் எரிப்பார்.

ஆப்பிரிக்காவில் இன்னொரு சிக்கல். தான்சானியாவின் தார் எஸ் சலாம் போன்ற நகரங்களுக்குக் குடிவருபவர்கள் விறகை விட்டு மரக்கரிக்கு மாறுகிறார்கள். புகை குறைவு, சுமப்பதும் எளிது. ஆனால் மரத்தை அடுக்கி மண்ணால் மூடி எரிக்கும் மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க 6 முதல் 8 கிலோ மரம் போகும். கரி அடுப்பு நல்லதாக இருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டாது. அதே சமையலுக்கு வெட்டும் மரம் கூடத்தான் செய்யும்.

இதைப் பற்றிக் களத்தில் தரவு திரட்டப் போகிறீர்கள் என்றால், 'முக்கிய எரிபொருள் எது' என்று மட்டும் கேட்காதீர்கள், கேஸ் என்றுதான் பதில் வரும். போன 12 மாதத்தில் எத்தனை சிலிண்டர், வெந்நீர் எதில், மழைக்கு முன் எத்தனை கட்டு விறகு சேர்த்தீர்கள் என்று கேளுங்கள்.