ஜிம்னிக்கு எந்த அளவு டயர் பொருந்தும்? வால்பாறை வாசகரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: வால்பாறைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறேன். என்னிடம் இருப்பது ஐந்து கதவுகள் கொண்ட மாருதி சுஸுகி ஜிம்னி, மேனுவல் கியர். வண்டியோடு வந்த டயர்களின் பட்டன் தேய்ந்துவிட்டதால், மழைக்காலத்தில் தோட்டப் பாதையின் செம்மண் ஏற்றங்களில் சக்கரம் சுழல்கிறதே தவிர வண்டி நகர்வதில்லை. ஒரு டயரின் பக்கச்சுவர் கல்லில் கிழிந்தும் போனது. டயர் கடையில் 235/75 ஆர்15 அளவுள்ள, சேற்றுக்கான மட் டயர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? அதற்கு வண்டியை உயர்த்த வேண்டுமா? செலவைக் குறைக்க இப்போதைக்கு இரண்டை மட்டும் மாற்றலாமா? வாரம் ஒருமுறை பொள்ளாச்சிக்கு இறங்கி ஏறுகிறேன்.

பதில்: உங்கள் பயன்பாட்டுக்கு 215/75 ஆர்15 அளவில், எல்லாத் தரைக்குமான, ஆல் டெரெய்ன் எனப்படும் ஏ/டி வகை டயர்களை, இப்போதுள்ள ரிம்மிலேயே பொருத்திக்கொள்வது போதும். வண்டியை உயர்த்த வேண்டியதில்லை. கடைக்காரர் சொன்ன 235 அளவு தவறான டயர் அல்ல. உங்கள் ரிம்முக்கும் உங்கள் மலைப்பாதைக்கும் அது பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

முதலில் அளவுகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. இதில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது; 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அதன்படி பக்கச்சுவர் 156 மி.மீ., டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. என வருகிறது. 215/75 ஆர்15-இன் விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ.; அதாவது ஒன்றரை விழுக்காடு மட்டுமே அதிகம். 235/75 ஆர்15-இன் விட்டமோ 733 மி.மீ.; கிட்டத்தட்ட 6 விழுக்காடு அதிகம். வாகனத்தோடு வந்த டயரின் விட்டத்திலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது என்பது டயர் தொழிலில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நடைமுறை. இந்த வரம்புக்குள் 215 அளவு தாராளமாக அடங்குகிறது. 235 அளவு அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது.

பலரும் கேட்க மறப்பது ரிம்மின் அகலத்தைப் பற்றித்தான். ஜிம்னியின் ரிம் 5.5 அங்குல அகலம் கொண்டது. 215/75 ஆர்15 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 அங்குலத்திலிருந்து தொடங்குகிறது. 235/75 ஆர்15-க்கோ குறைந்தபட்சம் 6 அங்குலம் தேவை. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் அதன் நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் தரையில் சரியாகப் பதியாமல் போகும். வளைவுகளில் பக்கச்சுவர் அலைவதும் ஸ்டீயரிங்கில் தெரியும். காற்று பிடித்து நிற்கிறதே என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளாகாது. ஆகவே 235-க்குப் போனால் நான்கு புதிய ரிம்கள், ஸ்டெப்னிக்கு இன்னொன்று என்று செலவு இரட்டிப்பாகும். அதன் பிறகு ரிம் வெளியே தள்ளி நிற்கும் அளவையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் பம்பரிலோ உள்பக்க ஆர்மிலோ உரசக்கூடும்.

அடுத்தது உயரம். ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பவை ஒரே துண்டான திட ஆக்சில்கள். அதனால் தரைக்கு மிக அருகில் தொங்குவது, இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும், ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் அந்தக் குண்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். உயர்வது உடல் மட்டுமே. டிஃபரென்ஷியலை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும், அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவுக்கு மட்டும். 215 போட்டால் 5 மி.மீ. கிடைக்கும், 235 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். முன்னதை ஓர் ஆதாயமாகவே நான் சொல்ல மாட்டேன். பின்னது பாறைகள் மீது ஏறி இறங்கும் பந்தயக்காரர்களுக்குப் பயன்படும். ஆனால் நிறுவனம் தந்திருக்கும் 210 மி.மீ. இடைவெளியோடு ஜீப்புகளும் டிராக்டர்களும் தினமும் ஓடும் தோட்டப் பாதையில் போய்வரும் உங்களுக்கு அந்த 20 மி.மீ. எங்கே உதவும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய இரண்டு தொல்லைகளில் ஒன்று வழுக்கல், மற்றொன்று பக்கச்சுவர் கிழிந்தது. அடிப்பாகம் தட்டியதாக நீங்கள் எழுதவே இல்லை.

அந்த 20 மி.மீ.க்கு நீங்கள் தரவேண்டிய விலை, ஆழியாறு மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் தெரியும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவது. அதுவும் சற்று மிதித்துச் சுழற்றினால்தான் கிடைப்பது. டயரின் விட்டம் 6 விழுக்காடு கூடினால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை அதே கியரில் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். கனமான மட் டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு வேறு தேவைப்படும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் திரும்பிய வளைவுக்கு முதல் கியர் கேட்கும். இறக்கத்தில் நிலைமை இன்னும் கவனிக்கத்தக்கது: இன்ஜின் பிரேக்கிங்கும் அதே விகிதத்தில் பலவீனப்படுவதால், மிதிபிரேக்கை அதிகம் நம்ப வேண்டிவரும், கீழே வந்து சேரும்போது பிரேக் சூடாகியிருக்கும். நான்கு சக்கர இயக்கத்தில் விசையைக் கூட்டித் தரும் குறைந்த விகித 4எல் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில், முன்பின் ஆக்சில்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது என்பதால், பிடிமானமுள்ள தார்ச்சாலையில் சாதாரண விகித 4எச், 4எல் இரண்டையுமே பயன்படுத்தக் கூடாது. ஆகவே விசைக்குறைவை ஈடுகட்டும் வழி தோட்டப் பாதையில் உண்டு, மலைச்சாலையில் இல்லை.

வேகமானியும் ஏமாற்றும். பழைய டயரில் சரியான வேகத்தைக் காட்டும் வேகமானி என்று வைத்துக்கொண்டால், 235 போட்ட பிறகு முள் 80-இல் நிற்கும்போது வண்டி ஏறத்தாழ 85-இல் ஓடும். 215-இல் இந்த வேறுபாடு ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பெரிய டயர் போட்டவர்கள் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதில் ஒரு பகுதி, ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டுவதால் வருவது.

இனி உங்கள் உண்மையான தொல்லைக்கு வருவோம். சேற்றில் வண்டியைக் காப்பாற்றுவது முதலில் பட்டன் வடிவம், அடுத்துக் காற்றழுத்தம், அதற்கும் பிறகுதான் அளவு. ஜிம்னியோடு வருவது எச்/டி எனப்படும் நெடுஞ்சாலை வகை டயர். அதன் நெருக்கமான பள்ளங்களில் செம்மண் அடைத்துக்கொண்டால், புதிதாக இருந்தபோதும் அது மொட்டை டயர்போல்தான் நடந்துகொள்ளும். மட் டயரின் பெரிய பட்டன்கள் சேற்றை உதறித் தள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் அதே பெரிய இடைவெளிகளால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைந்து, நீரைத் துடைக்கும் மெல்லிய கீறல்களும் பட்டன்களில் குறைவாக இருப்பதால், மழை நனைத்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். தென்மேற்குப் பருவமழையில் வாரந்தோறும் மலையிறங்கும் ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தார்ச்சாலையையே காணாத வேலை வண்டியாக இருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஏ/டி டயர் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தோள்பட்டையில் திறந்த பட்டன்கள் உள்ள, சற்று முரட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அகலமான டயர் என்றால் பிடிப்பு கூடும் என்ற எண்ணத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவுசெய்வது வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமுமே. அதே அழுத்தத்தில் அகல டயர் குட்டையும் அகலமுமான தடத்தைப் பதிக்கும். குறுகிய டயர் நீண்ட தடத்தைப் பதிக்கும். மணலில் மிதக்க வேண்டிய இடத்தில் அகலம் உதவலாம். மேலே ஓர் அடுக்கு வழுக்குச் சேறும் அடியில் இறுகிய மண்ணும் கல்லும் உள்ள உங்கள் பாதையிலோ, குறுகிய டயர் மேற்சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித்தரையைத் தொடுகிறது. இந்த வகையில் பார்த்தால் 195 அளவிலேயே நல்ல ஏ/டி டயர் கிடைத்தால் அதுவும் மோசமில்லை. ஆனால் 215/75 ஆர்15 என்பது மகிந்திரா பொலிரோ பயன்படுத்தும் அளவு. மலையில் ஒரு டயர் கிழிந்தால் மாற்று டயர் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். வடிவங்களிலும் தேர்வு மிகுதி. நான் 215-ஐச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

பக்கச்சுவர் கிழிந்ததற்குப் பெரிய டயர் தீர்வாகாது. வலுவான கட்டமைப்புத்தான் தீர்வு. வாங்கும்போது பக்கச்சுவரின் அடுக்குகளையும் அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண்ணையும் படித்துப் பாருங்கள். ஜிம்னியின் டயரில் 96எஸ் என்று இருக்கும். 96 என்பது ஒரு டயர் 710 கிலோ வரை தாங்கும் என்பதையும், எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரை அதை ஓட்டலாம் என்பதையும் குறிக்கின்றன. புதிய டயரின் எண் 96-க்குக் குறையவே கூடாது. எல்டி என்று குறியிட்ட கனரக வகை கல்லுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் ஜிம்னி போன்ற இலகுவான வண்டியில் விறைப்பாக இருந்து இடுப்பைப் பதம் பார்க்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும், நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியீட்டில் வாரமும் ஆண்டும் என்னவென்றும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.

காற்றழுத்தத்துக்கு ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரே தொடக்கப் புள்ளி. வழுக்கும் ஏற்றத்துக்கு முன் அதிலிருந்து ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைத்தால் தடம் நீண்டு பிடிப்பு கூடும். கல்லின் மேல் டயர் வெடுக்கென்று மோதாமல் அதைத் தழுவிக்கொண்டும் போகும். ஆனால் அந்த நிலையில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், மிகவும் குறைத்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கூர்க்கல்லுக்கு இரையாகும். 12 வோல்ட்டில் இயங்கும் சிறு காற்று பம்ப் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்திருந்து, மலையிறங்கும் முன் பழைய அழுத்தத்துக்கு நிரப்பிவிடுங்கள். இந்த பம்புக்கு ஆகும் செலவு, ரிம் மாற்றும் செலவில் ஒரு சிறு துளிதான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. வண்டியை உயர்த்துவது போன்ற வேலைகள் இதனால் சிக்கலுக்கு உள்ளாகலாம். 215-க்கு மாறும்போதும் வாரன்டி, காப்பீடு இரண்டைப் பற்றியும் டீலரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்து மூலமாகக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பொருத்திய பிறகு கடையிலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, மட்ஃபிளாப்பிலோ உள்வளைவு பிளாஸ்டிக்கிலோ உரசல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தியும் பார்ப்பது நல்லது. சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் உரசல் வெளிப்படும்.

இரண்டை மட்டும் மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. முன்பின் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், 4எச்-இல் இரு ஆக்சில்களும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்பட்டு, அந்த முரண்பாடு முழுவதையும், இரு ஆக்சில்களுக்கும் விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்க வேண்டியிருக்கும். லீவரை, பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 2எச்-க்குத் திருப்ப முடியாமல் இறுகிப்போவது இதன் முதல் அறிகுறி. நான்கையும் ஒரே நிறுவனம், ஒரே வடிவம், ஒரே அளவில் வாங்குங்கள். இயன்றால் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கி, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்சியில் இடம் மாற்றினால், எல்லாம் ஒரே சீராகத் தேயும். ஒன்று கிழிந்தாலும் தயங்காமல் ஸ்டெப்னியைப் போட்டு 4எச்-இல் ஓட்டலாம். ஐந்தாவதுக்கு இப்போது பணம் இல்லையென்றால், பழைய டயர்களில் நல்லதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதை மாட்டியிருக்கும் வரை 2எச்-ஐ விட்டு மாற்றாதீர்கள்.