பெல்ட்டிலிருந்து வழுக்கி இறங்கும் பையனுக்கு

பையனுக்கு இரண்டே கால் வயது, 12 கிலோ, சியாட்டிலிலிருந்து சென்னை வரை விமானப் பயணம். பெல்ட் போட்டாலும் வழுக்கி இறங்கிவிடுகிறான், காரில் அவன் உட்காரும் குழந்தை சீட்டைத் தூக்கிக்கொண்டு போவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வயது முடிந்துவிட்டதால் அவனுக்குத் தனி இருக்கை எப்படியும் உண்டு. தூக்கிக்கொண்டே போங்கள் என்பேன். பழகிய சீட், தூங்கவும் செய்வான். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அதன் லேபிளில் சிவப்பு எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஜன்னலோர இருக்கை எடுங்கள். மற்றவர்கள் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது.

விமான இருக்கையில் குழந்தையைக் கட்டிவைக்கும் கேர்ஸ் (CARES) என்ற வார்ப்பட்டையையும் பலர் சொல்வார்கள். 10 முதல் 20 கிலோ வரை, 100 செ.மீ. உயரத்துக்குள் சரி. பின்னால் இருப்பவரின் சாப்பாட்டுத் தட்டை இறக்கி, அதற்கு உட்புறமாக, இருக்கையின் முதுகைச் சுற்றிப் பட்டையை இறுக்க வேண்டும். (அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முறைப்பார்!) கைப்பையில் அடங்கிவிடும், ஆனால் கால்களுக்கு நடுவே பட்டை கிடையாது. உங்கள் பையன் நழுவுவதே அந்த வழியாகத்தானே?

அப்புறம், நடுவில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுகிறீர்கள் என்றால் கார் சீட்டை அனுமதிப்பார்களா என்று அவர்களிடமும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.