முள்ளு குத்துற தொண்டையில சோத்து உருண்டைய போடாதீங்க

தங்கச்சி, இத படிச்ச கையோட அம்மாவ கூட்டிக்கிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க, மிச்சத்த பஸ்ல படிக்கலாம். திலாப்பியா சாப்பிட்டா கேன்சராமே, மீனும் தயிரும் சேந்தா தோல்ல வெள்ளை விழுமாமே, மவுசாகலை டேம் மீன் நல்லதில்லையாமேனு நெறைய எழுதியிருக்கீங்க, ஆனா கடைசி வரியில தான் விசயமே இருக்கு. ஞாயித்துக்கெழம கார்ப் மீன் கொழம்பு சாப்பிட்டதுல இருந்து அம்மாவுக்கு தொண்டையில ஒரே எடத்துல குத்துது, நாலு நாளாச்சு, நேத்து ராத்திரி காய்ச்சல், இது கேன்சரோனு பயப்படுறீங்க.

இது கேன்சர் மாதிரி தெரியல. நல்லா இருந்தவங்களுக்கு மீன் சாப்பிட்ட நேரத்துல இருந்து குத்துதுன்னா முள்ளத்தான் மொதல்ல தேடணும். முள்ளு கீறிட்டுப் போன வலி ஒண்ணு ரெண்டு நாள்ல கொறஞ்சிரும். கொறயாம அதே எடத்துல குத்துனா முள்ளு இன்னும் உள்ள இருக்குனு தான் நெனைக்கணும், அதோட காய்ச்சலும் சேந்தா அங்க சீழ் புடிக்க ஆரம்பிச்சிருக்கலாம். உணவுக்கொழாய ஓட்ட போட்டு நெஞ்சுக்குள்ள கிருமி எறங்குனா உசுருக்கே ஆபத்து. எச்சி முழுங்க முடியாம வடியிறது, கழுத்து வீங்குறது, நெஞ்சு வலி, ரத்த வாந்தி, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு பாக்கக் கூடாது.

சோத்து உருண்டையும் வாழப்பழமும் முழுங்க வச்சீங்களாம், அது முள்ள இன்னும் ஆழமா குத்த வைக்கும். வினாகிரி முள்ளக் கரைக்காது. வீட்டுல மிச்சம் கெடந்த அமொக்சிலின்ங்கிற கிருமிக்கொல்லி மாத்திரைய யார கேட்டு குடுத்தீங்க? முள்ள அது எடுக்காது, காய்ச்சல மட்டும் கொஞ்சம் மறைச்சி நம்மள ஏமாத்தும். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலன்னு சொன்னாலும் திரும்பி வந்துறாதீங்க, நெறைய மீன் முள்ளு எக்ஸ்ரேல விழாது, தொண்டைய கெமரா விட்டுப் பாக்கணும், தேவைன்னா சிடி ஸ்கேன் எடுக்கணும், அங்க வசதி இல்லன்னா கண்டிக்கு அனுப்புவாங்க. என்னைக்கு சாப்பிட்டாங்க, என்ன மாத்திரை குடுத்தீங்கனு ஒளிக்காம சொல்லுங்க. போற வரைக்கும் சாப்பாடு வேணாம்.

திலாப்பியா 1952ல இருந்து நம்ம இலங்கைக் கொளத்துல வளருற மீன், அதால கேன்சர் வராது. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு வாயில கேன்சர் குடுக்குறது வெத்தலயோட போடுற பாக்கும் பொகையிலயும் தான், அது ரெண்டையும் நிறுத்துங்க. தயிர் கதை வெறும் கதை. டேம் மீன்ல கண்ணு தெளிவா, செவுள் செவப்பா, அழுத்துனா சதை திரும்ப எழும்புனா தாராளமா வாங்குங்க, சேத்து வாசத்துக்கு தேசிக்காயும் உப்பும் போட்டு ஊற வச்சாப் போதும்.

அம்மா மேல்தாடைக்கு பல்செட்டு போட்டிருக்காங்கன்னு போகிற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அது பெரிய விசயம். பல்செட்டு அண்ணத்த மூடிரும், முள்ளு நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல மாட்டுறதே தெரியாது. கார்ப், ரோகு, கட்லாவுல நடுமுள்ளோட சதைக்குள்ளயும் கவட்டை மாதிரி பொடி முள்ளு கெடக்கும், கொரக்கா புளி போட்டு எவ்வளவு கொதிக்க வச்சாலும் கரையாது. அம்மாவுக்கு இனிமே திலாப்பியாவே வாங்குங்க, முழுசா வேக வச்சி, சதைய நீங்களே வெளிச்சத்துல வெரலால தடவிப் பாத்து எடுத்து வைங்க. கார்ப் வாங்குனா மத்தவங்களுக்கு, சதையில நெருக்க நெருக்கமா கத்தியால கீறி மொறுமொறுன்னு பொரிங்க, கொழம்புல போடாதீங்க.