கிடேப்போ போறீங்களா? மூணு ராத்திரியாவது தங்குங்க

கேள்வி: மசாய் மாரா வீடியோ பாத்தா ஒரு சிங்கத்தைச் சுத்தி இருபது வண்டி நிக்குது. கூட்டமே இல்லாம மிருகங்களைப் பாக்கணும்னு ஆசை. உகாண்டாவுல கிடேப்போ பத்தி சொல்றாங்க, அவ்ளோ தூரம் போலாமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமா போங்க, ஆனா அங்கயே மூணு ராத்திரி தங்க முடியும்னா மட்டும். கிடேப்போ பள்ளத்தாக்கு உகாண்டாவோட வடகிழக்கு மூலை, கரமோஜா பகுதி, தெற்கு சூடான் எல்லையை ஒட்டியே இருக்கு. 1962ல தேசியப் பூங்கா ஆச்சு, 1,442 சதுர கிலோமீட்டர். கம்பாலாவுலேர்ந்து ரோட்டுல போனா ஒரு பகல் முழுக்க ஓடிடும், கூட்டம் வராததுக்கு காரணமே அந்த தூரம் தான். டூர்காரங்க சில பேரு ஒரு ராத்திரி பேக்கேஜ்னு விப்பாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க. மிருகங்க நடமாடுறது விடியக்காலையும் சாயங்காலமும் தான், ஒரு ராத்திரியில உங்களுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு விடியல், அதுக்கா இவ்ளோ செலவு?

போறதுக்கு நல்ல நேரம் டிசம்பர்லேர்ந்து மார்ச். பூங்காவுல ரெண்டு பள்ளத்தாக்கு, நாரஸ், கிடேப்போ. கிடேப்போ ஆறு வருஷத்துல பெரும்பாலான நாள் வெறும் மணலா கிடக்கும், ஆனா நாரஸ் பக்கம் மழையில்லாத இந்த மாசங்கள்லயும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அதனால யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நூத்துக்கணக்குல காட்டெருமை எல்லாம் அங்க தான் வந்து சேரும், அதுங்க பின்னாடியே சிங்கமும் வரும், பாறை மேல ஏறிப் படுத்துகிட்டு சமவெளியப் பாக்கும். மழைக்காலத்துல போனா புல்லு ஆளுயரம் வளந்திருக்கும், களிமண்ணுல வண்டி மாட்டிக்கும். உகாண்டாவோட மத்த தேசியப் பூங்காவுல இல்லாத சிவிங்கிப்புலியும் (சீட்டா) நெருப்புக்கோழியும் இங்க உண்டு, ஆனா சிவிங்கிப்புலி கண்ணுல படும்னு யாராவது உறுதி சொன்னா நம்பாதீங்க. காண்டாமிருகம் பாக்கணும்னா போற வழியில ஜீவா சரணாலயத்துல இறங்குங்க, 1980கள்ல உகாண்டாவுல அடியோட அழிஞ்சு போனதை அங்க வச்சு தான் திரும்ப பெருக்கினாங்க, பயணத்தையும் அங்க ரெண்டா பிரிச்சுக்கலாம்.

ஒரு அரை நாள் கிடேப்போ ஆத்துப் பக்கமும் போங்க. மிருகம் கம்மி தான், ஆனா அந்த மணல் கரையில வரிசையா பனைமரம், நம்ம பனையோட ஆப்பிரிக்க இனம், பாத்ததும் மனசு நின்னுடும். அதுக்கு அப்பால கனங்கோரோக் வெந்நீர் ஊத்து. எல்லைப் பக்கம்ங்கிறதால துப்பாக்கியோட ரேஞ்சர் கூட வருவாரு, பயப்பட வேண்டாம், அது அங்க வழக்கம். கருப்பு, கருநீல சட்டை வேண்டாம், செட்ஸி ஈ அந்த நிறத்துக்கு தான் தேடி வந்து கடிக்கும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம், சமாளிக்க முடியுமா? ஊசி ஏதாவது போடணுமா? (வாசகர், மதுரை)

பதில்: சமாளிக்கலாம். சப்பாத்தி, பீன்ஸ் குழம்பு, போஷோன்னு மக்காச்சோள மாவுக் களி, இது மூணும் உகாண்டாவுல எங்கயும் கிடைக்கும், லாட்ஜ்ல மட்டும் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, அங்க திடீர்னு போய் காய்கறி வாங்க பக்கத்துல கடை கிடையாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. போட்டு 10 நாள் ஆனாத்தான் சர்டிஃபிகேட் செல்லும், அந்த அட்டை இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே தனிமையில வச்சிடுவாங்க. மலேரியா மாத்திரைக்கு உங்க டாக்டரைக் கேளுங்க.

கேள்வி: மலை மேல இக்-ன்னு ஒரு பழங்குடி இருக்காங்களாமே, போய்ப் பாக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: போகலாம், மொருங்கோலே மலை ஏறணும், செங்குத்தான நடை, முட்டி நல்லா இருக்கிறவங்க மட்டும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு போங்க. இந்தப் பூங்கா வந்தப்போ அவங்க வேட்டையாடிப் பொழச்ச பள்ளத்தாக்குலேர்ந்து வெளியேத்தப்பட்டவங்க அவங்க. நாம டிக்கெட் வாங்கி ரசிக்கிற இடம் அவங்க இழந்த இடம். வேடிக்கை பாக்குற மாதிரி போகாதீங்க, ரேஞ்சர் மூலமா முன்கூட்டியே சொல்லி அனுப்பிட்டு போங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க, அவங்க விக்கிற தேன், கைவினைப் பொருள் ஏதாவது இருந்தா பேரம் பேசாம வாங்குங்க.