கேள்வி நேரம்: சுண்ணப் புல்மேட்டில் ஆர்க்கிட்

மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்: ஜூனில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். கென்ட் பகுதியில் உள்ள 'வை' இயற்கைச் சரணாலயத்தில் காட்டு ஆர்க்கிட் பார்க்கலாம் என்கிறாள். எப்போது போனால் நல்லது? என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு.

ஜூன் நடுவில் போங்கள். 'வை' சுண்ணப்பாறைமேல் புல் படர்ந்த மேடு. தேனீ ஆர்க்கிட், புள்ளி ஆர்க்கிட், மணக்கும் ஆர்க்கிட் மூன்றும் அப்போது பூத்திருக்கும், பிரமிடு ஆர்க்கிட் தொடங்கியிருக்கும். மே மாதத்து லேடி ஆர்க்கிட் அநேகமாக முடிந்திருக்கும்.

பூக்கடை ஆர்க்கிட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். தேனீ ஆர்க்கிட் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். பூ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. மேலே நின்று பார்த்தால் புல்லாகவே தெரியும். மெதுவாக நடந்து, முதல் செடி கண்ணில் பட்டதும் அப்படியே நில்லுங்கள். சுற்றிலும் இன்னும் பூக்காத செடிகள் தரையோடு ஒட்டி இலை விரித்திருக்கும். படம் எடுக்க முட்டி போடுபவர்கள் நசுக்குவது பெரும்பாலும் அவற்றைத்தான். பாதையில் நின்றே ஜூம் செய்து எடுங்கள். மேகமூட்டம் இருந்தால் நிறம் வெளுக்காது.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் ஆஷ்ஃபோர்டு 40 நிமிடத்துக்குள். அங்கே கேன்டர்பரி வெஸ்ட் வண்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் வை. ஆனால் அங்கிருந்து ஏற்றம். உங்கள் கணவருக்காகக் காரிலேயே மேட்டு உச்சிக்குப் போய்விடுங்கள். 'டெவில்ஸ் நீடிங் ட்ரஃப்' என்ற செங்குத்துப் பள்ளத்தை மேலே நின்று பார்த்தால் போதும், அதில் அவர் இறங்க வேண்டாம். மழை நனைத்த சுண்ணப்பாறை பாசிப்படிக்கட்டு மாதிரி வழுக்கும். செருப்பு உதவாது, பிடிமானமுள்ள ஷூதான்.

புல்லில் உண்ணி உண்டு. பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்திருந்தால் எண்ணெய் தடவாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பின்வரும் வாரங்களில் வட்டமாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம்.

லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி: அங்கிருந்து ஒரு கிழங்கு கொண்டுவந்து, மண்ணில் சுண்ணாம்பு கலந்து வளர்க்க முடியாதா?

முடியாது. பிரிட்டனில் நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியைப் பிடுங்குவதும் 1981 சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே, காட்டு உயிரினங்களின் நாடு தாண்டிய வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பதால், உரிமம் இல்லாமல் எல்லை தாண்டவும் கூடாது.

சட்டத்தை விடுங்கள், செடியே பிழைக்காது. தூசி போன்ற அதன் விதையில் சேமித்த உணவே இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும், பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பூஞ்சையைச் சுண்ணாம்பு கொண்டுவராது. தேனீ ஆர்க்கிட் இலையுதிர்காலத்தில் இலை விட்டு, குளிர்காலம் முழுவதும் அப்படியே இருக்கும். நம் மார்கழிக் குளிர் அதற்குக் கோடை.

ஆர்க்கிட் பார்க்க ஆசை என்றால் வாண்டா டெசெலேட்டா என்ற ஆர்க்கிட் நம் சமவெளியிலேயே, மரக்கிளையைத் தொற்றி வளர்கிறது. பச்சைசாம்பல் இதழில் பழுப்புக் கட்டங்கள். பழைய கோயில்காடுகளில் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள்.

நெய்வேலி வாசகர்: பாதுகாக்கப்பட்ட புல்வெளியில் ஆடு மேய விடுகிறார்களாமே?

ஆடு இல்லாவிட்டால் ஆர்க்கிட்டும் இல்லை. மேய்ச்சல் நின்றால் முரட்டுப் புல்லும் முள்புதரும் ஏறி, சிறுசெடிகளுக்கு வெயிலை மறைத்துவிடும். அதனால் பூத்து விதை சிந்திய பிறகு, பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மந்தையை விடுவார்கள். உரம் மட்டும் கூடவே கூடாது. மெல்லிய, சத்துக் குறைந்த மண் என்பதால்தான் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்வரை சேர்ந்து வாழ்கின்றன. உரம் விழுந்தால் நாலைந்து புல்வகை கொழுத்து மற்றதை அமுக்கிவிடும். வழியில் உள்ள கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடிவிட்டுப் போகச் சொல்வதும் இந்த மந்தைக்காகத்தான்.