குறைகடத்திப் பாடம்: கேட்டவையும் சொன்னவையும்

பெங்களூரில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் எடுத்திருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளின் கேள்விகள் இவை.

குவாண்டம் இயற்பியல் படிக்காமல் இதை எடுக்கலாமா, சார்?

எடுக்கலாம். ஆற்றல் பட்டையும் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்களின் வரம்பு) பெர்மி மட்டமும் (அவை ஏறத்தாழ எந்த ஆற்றல்வரை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும் கோடு) பிடிபட்டால் போதும். ஆனால் இரண்டையும் காட்டும் பட்டைப் படம் வரையாமல் சூத்திரத்தில் கை வைக்காதீர்கள்.

தூய சிலிக்கானில் கட்டற்று நகரும் எலக்ட்ரான்களின் அடர்த்தி ஒரு புத்தகத்தில் 1.5 × 10¹⁰, இன்னொன்றில் 1 × 10¹⁰. எது சரி?

முன்னது பழைய மதிப்பு. 300 கெல்வினில், கன சென்டிமீட்டருக்கு 1 × 10¹⁰ என்று கொள்ளுங்கள். அதே இடத்தில் 5 × 10²² அணுக்கள் இருக்கின்றன. அதாவது ஐந்து லட்சம் கோடி அணுக்களுக்குக் கட்டற்ற எலக்ட்ரான் ஒன்றே ஒன்று! ஐம்பது லட்சத்தில் ஓர் அணுவைப் பாஸ்பரஸாக மாற்றினால் அந்த எலக்ட்ரான் எண்ணிக்கை பத்து லட்சம் மடங்காகிவிடுகிறது. பாடத்தின் உயிரே இதில்தான்.

குவாண்டம் தெரியாவிட்டால் சிரமமா?

மேலே பாருங்கள்.

வேலை கிடைக்குமா?

வேலை கொடுப்பவர்களைக் கேளுங்கள், தம்பி.

டையோடுக்குள் இரு வகைச் சிலிக்கான் சேரும் சந்தியில் 0.7 வோல்ட் இருக்கிறதென்றால், எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய டையோடில் மீட்டர் ஏன் சுழியம் காட்டுகிறது?

அருமையான கேள்வி. மீட்டர் அளப்பது இரு முனைகளின் பெர்மி மட்ட வேறுபாட்டை. சும்மா கிடக்கும் டையோடில் அந்த மட்டம் ஒரே கோடு. சந்தியில் ஏறும் மின்னழுத்தத்தை உலோக முனைகளில் உள்ள அழுத்தங்கள் ஈடுகட்டிவிடுகின்றன. இல்லாவிட்டால் மின்கலமே இல்லாமல் காலமெல்லாம் விளக்கு எரியுமே! பட்டைப் படம் வரைந்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

மீட்டரை டையோடு குறியில் வைத்தால் 0.6 காட்டுகிறதே?

அங்கே மீட்டரே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அந்த ஓட்டத்துக்கான அழுத்தம் அது. சந்தியின் சொந்த அழுத்தம் அல்ல. டையோடை விரலால் பிடித்துப் பாருங்கள், எண் இறங்கும்: ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்.

ஒப்புக்கொள்ள மாட்டேன், சார். என் கண்ணாடி டையோடு ஜன்னலோரத்தில் எதையும் செலுத்தாமலே சில மில்லிவோல்ட் காட்டியது.

ஜன்னலோரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! கண்ணாடி வழியே வெளிச்சம் புகுந்தால் சந்தி குட்டிச் சூரிய மின்கலமாகிவிடும். சமநிலை அங்கேயே போயிற்று. கறுப்பு டேப்பைச் சுற்றி மறுபடி அளந்து எழுதுங்கள். மற்றவர்களின் கேள்விகள் அதுவரை காத்திருக்கட்டும்.